கழுவின சட்டி

வீரராகவன் என் தலகாணியப் பார்த்த பார்வையே சரியில்ல. உள்ள பஞ்சோட பஞ்சா நான் சேர்த்த நானூறு ரூபா இருந்துச்சு. பழவேற்காட்டுல எங்கப்பன் படகு அடமானத்துல கெடக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள மீட்கலன்னா வட்டிக்காரன் வித்துடுவான்.

எழுபத்தெட்டுல கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனில எனக்கு வேல. ஒரே ரூம்ல நான், திருவள்ளூர்க்காரன் வீரராகவன், ஜெயராஜ்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. ஜெயராஜ் மாதா கோயிலுக்குப் போயிருந்தான். முந்தின நாள் மீன் கொழம்பச் சுட வெச்சு வீரராகவன் என் முன்னால வெச்சான்.

"நீ தின்னலயா?"

"எனக்கு வாணாம். ஒரு சொட்டு மிச்சம் வெக்காம நீயே தின்னு."

கிட்டயே குந்திக்கினு நான் தின்றதயே பார்த்தான். கடைசி வாய் உள்ள போனதும் சட்டியப் புடுங்கி, சாம்பல் போட்டுத் தேய்தேய்னு தேய்ச்சான். எனக்குப் பகீர்னுச்சு. அடப்பாவி, மருந்து வெச்சுட்டானே! சோப்பத் தண்ணில கரைச்சு மடக்மடக்குனு குடிச்சேன். கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி.

ஜெயராஜ் உள்ள வந்தான். அவன் காதுல சொன்னேன்: "நைனா, தலகாணில டப்பு இருக்குது. எங்கம்மா கைல குடுத்து, நான் செத்துட்டேன்னு சொல்லிடு. இவன நம்பாத."

அழுதுக்கினே தலகாணியோட ஓடினான்.

என்னத் தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் வீரராகவன்தான். சோப்பு குடிச்சதுக்கு டாக்டரு திட்டி அனுப்பினாரு.

"இன்னாத்துக்குடா சட்டியத் தேய்ச்ச?"

"இன்னிக்குப் புரட்டாசி ஒண்ணுடா பேமானி! பெருமாள் மாசத்துல நான் சமைக்கிற சட்டில கவுச்சி இருக்கலாமா?"

வெக்கத்துல நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு. அடுத்த நிமிசம் வேற பயம் புடிச்சுது. ஜெயராஜ் டப்போட எந்த ரயில் ஏறினானோ? ரூமுக்குத் திரும்பி வாசல்லயே குந்தி, பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் அவன் பரம்பரையயே திட்டினோம்.

அப்ப மேளச் சத்தம் கேட்டுச்சு. ஒரு லாரி வந்து நின்னுச்சு. உள்ள எங்க ஊரு ஜனம், கூடை கூடையா பூ, பாடைக்கு மூங்கிலு, மாரடிச்சுக்கினு எங்கம்மா. மொதல்ல எறங்குன ஜெயராஜ் என்னப் பார்த்து அப்படியே நின்னுட்டான்.

"ஒரு பைசா தொடலடா! நீ சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

நான் மேளக்காரருகிட்ட ஓடினேன். "அண்ணே, நான் சாவல. டப்பத் திருப்பிக் குடுங்க."

"நீ சாவாதது எங்க தப்பா? அடிச்சதுக்குக் கூலி கூலிதான்."

எங்கம்மா என் கன்னத்துல ரெண்டு அறை விட்டு, கட்டிப் புடிச்சுக்கினு கதறினா. அவ தலைக்கு மேல எங்கப்பனப் பார்த்தேன். அவரு என்னப் பார்க்கல.

"எவ்ளோம்மா மிச்சம்?"

முந்தானைய அவுத்து என் கைல முப்பது ரூபா வெச்சா. "கருமாதிக்குன்னு எடுத்து வெச்சேன் கண்ணு."