மூன்றாவது சர்வரின் பாஸ்வேர்டு

1

என் அண்ணிக்கு டைப் அடிக்கும்போது முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஒட்டுக்கேட்டவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சர்வர் அறையின் கதவு இருளில் மெல்லத் திற—’ [வேண்டாம். அண்ணி வேலை பார்ப்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில்.]

நேராகவே சொல்கிறேன். அண்ணி ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. நோயாளிகளின் ஸ்கேன் படங்களுக்கு நகல் வைத்திருக்கும் பேக்கப் சர்வர்கள் மூன்று. ஆபீஸ் லாகின் கணக்குகளோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவற்றைத் தனிக்குடித்தனம் வைத்திருக்கிறார்.* தூரத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைப் பட்டியல், ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாஸ்வேர்டைக் கையால் அடிக்க வேண்டும்.

* ஆபீஸுக்குள் திருடன் புகுந்தாலும் நகல்கள் தப்பிக்குமாம். வீட்டுக்குள் எழுத்தாளன் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

2

கதாநாயகியிடம் ஒரு குறை. தப்பே செய்ய மாட்டேன் என்கிறார். மேனேஜர் போனில் கெஞ்சினார்.

“பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வெச்சிடுங்களேன்மா. யார் வேணா ஓட்டிக்கலாம்.”

“யார் வேணா ஓட்டக்கூடாதுன்னுதான் சார் எழுதல.”

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? அதனால் கதையில் மட்டும் அவரைக் கெடுத்தேன். மேனேஜர் சொல்படி பாஸ்வேர்டை எழுதிவிடுகிறார். அந்த வரி:

[                    ]

கற்பனையாக ஒன்றும் தோன்றாததால், அண்ணி முணுமுணுத்துக் காதில் விழுந்ததையே அங்கே போட்டு, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். ஆசிரியர் உடனே கூப்பிட்டார். “கதை சுமார்தான். ஆனா அந்தப் புரியாத வரி இருக்கே, அபாரம். அதுக்காகவே போடறேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

3

[அண்ணியின் முகத்தை வருணித்து ஒரு பத்தி இருந்தது. பயந்து அழித்துவிட்டேன்.]

“தம்பி, இது யாரோட பாஸ்வேர்டு?”

“கதாநாயகியோடது அண்ணி.”

“நாளைக்கு வேலையை விட்டுத் தூக்கினா, கதாநாயகியையா தூக்குவாங்க?”

இதுவரை எழுதிய எல்லாக் கதைகளையும் கிழித்துப்போடத் தயாராக இருந்தேன்.

என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை மாற்ற ஸ்கிரிப்டை ஓட்டினார். நான் போட்டது மூன்றாவது சர்வருடையது. அது கிளை ஆபீஸில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அது பதிலே பேசவில்லை.

“நேர்ல போய்த்தான் மாத்தணும்,” என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்.

4

ஆசிரியரிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

“அதை எடுத்தா கதையே வேண்டாம்ப்பா. சாயங்காலம் அச்சுக்குப் போகுது, யோசிச்சுச் சொல்லு.”

முடிவு அ: அண்ணி போய்ச் சேருமுன் கதை அச்சாகி— [எழுதக் கை வரவில்லை.]

முடிவு ஆ: நான் கதையைத் திரும்பப் பெற்று ஒரு தியாகி— [யாரும் நம்ப மாட்டீர்கள்.]

நடந்தது இதுதான். சாயங்காலத்துக்குச் சற்று முன்பு அண்ணி கூப்பிட்டார்.

“மாத்தியாச்சு. உன் வரியைப் போட்டுக்கோ.”

உயிர் வந்தது. ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“நான் சொன்னா போதுமா தம்பி? நிஜமாவே மாத்திட்டேனான்னு பாக்க மாட்டியா?”

பார்க்க ஒரே வழி, அண்ணி மேசையில் விட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பழைய பாஸ்வேர்டைச் சர்வரில் அடித்துப் பார்ப்பது. அடித்தால் அண்ணி என்னை இனி வீட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாரா, தெரியாது. அடிக்காமல் அச்சுக்குக் கொடுத்த பிறகு, மாற்றாமலேயே என்னைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று தெரிந்தால் என்ன ஆகும், அதுவும் தெரியாது. ஆசிரியர் இன்னொரு போனில் காத்திருக்கிறார். அவரிடம் நீங்களே பேசிவிடுங்கள்.