வாய் தவறி வந்த ஓம்

பிறேமினிக்குத் தமிழ் தெரியாது. அதாவது, செவ்வாய்க்கிழமைகளில் மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேசனுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த மதுச்சாலைக்குள் அவளுக்குத் தமிழ் தெரியாது. அங்கே அவள் பெயர் மரியா, பிறந்த இடம் மொறீசியஸ். யாராவது தமிழ் முகத்தோடு உள்ளே வந்து முறைத்துப் பார்த்தால், தோளைக் குலுக்கிவிட்டு ஆங்கிலத்தில் சிரிப்பாள். ஆறு மணிக்குப் பிறகு பிளேஸ்டோவில் இருக்கும் வீட்டுக்குப் போய், அம்மா பெர்னடெற்றிடம் ஹோட்டல் ரிசெப்ஷனில் இன்றைக்கும் நின்ற நிலையில் கால் உளைகிறது என்று நல்ல மன்னார்த் தமிழில் பொய் சொல்லுவாள்.

உடுப்பைக் கழற்றி ஆடுகிற வேலை. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது? புருசன் விட்டுவிட்டுப் போன வருசம், கடைக் கவுண்டரில் ஒரு கிழமை நின்று எடுத்த சம்பளத்தை இங்கே ஒரே நாளில் எடுத்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் ஓடிப்போனது. இப்போது வயது முப்பத்தெட்டு.

அந்த மதுச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறுவதற்கு முன் ஆடப்போகிறவள் ஒரு பெரிய பியர்க் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போவாள். ஒவ்வொருத்தனும் ஒரு பவுண்ஸ் நாணயக் குற்றியாவது போடவேண்டும். போடாதவனுக்கு முன்னால் கிளாசை ஒரு தரம் குலுக்கினால் போதும், வெட்கத்தில் போட்டுவிடுவான். நல்ல காலத்தில் அந்தக் கிளாசை ஒரு கையால் தூக்க ஏலாமல் இருந்தது.

இப்போது எவன் சட்டைப்பையில் குற்றி இருக்கிறது? பாழாய்ப்போன கார்டு. போனை நீட்டுகிறார்கள், கைக்கடிகாரத்தை நீட்டுகிறார்கள். முதலாளி கார்டு மெசின் ஒன்று வாங்கி வைத்தார். அதில் விழுகிறதில் அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார். அதிலும் கலியாணம் கட்டியவர்கள் கார்டைத் தட்டமாட்டார்கள். மதுச்சாலையின் பெயர் பாங்க் கணக்கில் விழும், வீட்டில் மனுசி பார்த்துவிடுவாள் என்ற பயம். சூட் போட்ட ஒபிஸ்காரர்கள் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். இளம் பெடியன்கள் மாதச் சந்தா கட்டிப் போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள், ஒரு பியர் செலவுகூட இல்லை. கூட ஆடிய பெட்டைகள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிறேமினியால் அது ஏலாது. இணையத்தில் ஒரு படம் போனால் பின்னேரத்துக்குள் இங்கே டூட்டிங்கிலிருந்து கனடாவில் ஸ்காபரோ வரைக்கும் தமிழ்ச் சனத்திடம் போய்ச் சேரும், அம்மா அதோடு செத்துப்போவா.

இவ்வளவும் குறைந்த பிறகும் குறையாதது ஒன்றுதான், ஹவுஸ் பீ. ஆட வருகிறவள்தான் முதலாளிக்குக் காசு கட்டவேண்டும். ஐயோ, இது என்ன நியாயம் என்று கேட்காதேயுங்கள், அப்படித்தான். போன மாதம் முதலாளி அவளைக் கூப்பிட்டு, உன்னிடம் மிஞ்சியிருப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதற்கும் காசு கட்டமுடியாவிட்டால் அந்த நாளை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று நேரே சொல்லிவிட்டார். மனுசன் கெட்டவரில்லை, கணக்கு அப்படி.

செவ்வாய்க்கிழமை தப்பியிருந்தது ஒரே ஒருவரால். கிருஷ்ணமூர்த்தி.

ஸ்ட்ரெதமில் பெற்றோல் ஸ்டேசன் மனேஜர், ஐம்பத்திரண்டு வயது, மனைவி செத்து நாலு வருசம். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. இரண்டு மணிக்கு வருவார். வரும் வழியில் மெசினில் காசு எடுத்துக்கொண்டு வருவார், கிளாசுக்குள் போடுவதற்கென்று குற்றிகூட மாற்றி வைத்திருப்பார். அவள் மேடையில் ஆடும்போது கண்ணைத் தாழ்த்தித் தன் கிளாசைப் பார்ப்பார். பிறகு திரைச்சீலை போட்ட சின்ன அறையில் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டி, "நோ டான்ஸ், மரியா. சிட், சிட்" என்பார். அவள் சால்வையைப் போர்த்துக்கொண்டு எதிரே உட்காருவாள்.

முதல் பத்து நிமிசம் ஆங்கிலம். அதற்குமேல் மனுசனுக்கு ஆங்கிலம் முடிந்துவிடும்.

"உனக்கு விளங்காது. விளங்காதெண்டபடியால்தான் சொல்லுறன்" என்று தொடங்குவார்.

இரண்டு வருசமாக அப்படித்தான். ஆஸ்பத்திரியில் மனைவி கடைசியாகத் தண்ணீர் கேட்டபோது தான் கார் பார்க்கிங்குக்குக் காசு போடப் போயிருந்ததைச் சொன்னார். கனடாவில் இருக்கும் மகன் கௌசிக் தீபாவளிக்கு ஒரு எமோஜி அனுப்பியதைச் சொன்னார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகக் கோப்பை கழுவுவதைச் சொன்னார். தமிழிலும் ஒரு சொல்லும் வராத இடத்தில் அழுதார்.

கதை கேட்டால் 'ம்' கொட்டவேண்டும், 'ஓம்' சொல்லவேண்டும், 'ஐயோ, பிறகு?' என்று கேட்கவேண்டும். தமிழர் வீட்டில் பிறந்த எவளுக்கும் இது மூச்சு விடுவதோடு வருவது. பிறேமினி அதை வாய்க்குள் மடக்கி வைத்திருந்தாள். லெமனேட் கிளாசை வாயில் வைத்துக்கொண்டே இருப்பாள், கன்னத்தை உள்ளே கடிப்பாள். ஒரு நாள் அவர் நண்டுக் குழம்பு வைத்த கதையைச் சொன்னார். முருங்கையிலையை முதலே போட்டாராம், கறி கைத்துவிட்டதாம். "இறக்கேக்கை அல்லோ போடுறது, மனுசா!" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள், பிறகுதான் தன் நிலைமை அவளுக்கே விளங்கியது. அவளுக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில், இந்த வேலையில், காசு தருகிற ஒருத்தர்மேல் ஆசை! வெட்கக்கேடு என்று தன்னையே ஏசினாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் தலைக்கு வார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவர் போனால் வேலையும் போச்சு, மனமும் போச்சு. இது அவளுக்கு நல்லாகவே தெரியும். அதனால்தான் இரண்டு வருசமும் வாயைக் கட்டினாள்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. உள்ளே ஏழு பேர், அதில் ஒருவன் மழைக்கு ஒதுங்கியவன். கிருஷ்ணமூர்த்தி புதுச் சேர்ட் போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. அன்றைக்கு ஆங்கிலத்தில் தொடங்கவேயில்லை.

"மரியா, உன்னட்டை ஒண்டு கேக்கப்போறன். உனக்கு விளங்காதுதான். விளங்கினால் எனக்குக் கேக்கத் துணிவு வராது" என்றார். மேசையில் இருந்த பேப்பர்த் துண்டை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குது. இஞ்சை நீ மேசை மேசையா அந்தக் கிளாசைத் தூக்கிக்கொண்டு திரியிறதை என்னாலை பாக்கேலாமல் இருக்குது. சனம் கதைக்கும், கதைச்சிட்டுப் போகட்டும். முறையாக் கலியாணம் முடிக்கத்தான் கேக்கிறன். இந்த வேலையை விட்டிட்டு என்னோடை வருவியே?"

"ஓம்" என்றாள் பிறேமினி.

யோசித்துச் சொல்லவில்லை. இரண்டு வருசம் அடக்கி வைத்திருந்தது, அந்த ஒரு இடத்தில் வாய் தவறி வந்துவிட்டது. எஸ் என்று வந்திருக்கலாம், வேறு என்னவாவது வந்திருக்கலாம். வந்தது ஓம்.

கிருஷ்ணமூர்த்தியின் கை பேப்பர்த் துண்டோடு அப்படியே நின்றது.

"நீ... நீங்கள் தமிழே?"

நீ என்பது நீங்கள் ஆனதும் அவள் லெமனேட் கிளாசைக் கீழே வைத்தாள்.

"ஓம்."

"எவ்விடம்?"

"மன்னார். பேசாலை."

"அப்ப இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம்..."

"எல்லாம் விளங்கினது" என்றாள். "என்ரை பேர் பிறேமினி. நான் சொன்ன ஓம் உண்மையான ஓம்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் எழும்பிவிட்டார்.

அவளுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை. தோளிலிருந்து நழுவியிருந்த சால்வையையும் பார்க்கவில்லை. கோட்டின் ஒரு கையைத் தேடித் தேடிப் போட்டார். மொறீசியஸ் மரியாவைக் கூட்டிக்கொண்டு போகத் துணிந்த மனுசன், பேசாலைப் பிறேமினியைக் கண்டு கூனிக்குறுகிப் போனார். மரியா என்றால் கட்டலாம், நம்முடைய பிள்ளை என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க ஏலாதா? என்ன நீதி இது? ஆனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. வெட்கத்தில் அந்த ஆள் செத்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகக் காசை அவள் கையில் கொடுப்பவர், அன்றைக்கு பேர்சில் இருந்த முழுவதையும் மேசையில் வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. தெரியாமல் கேட்டுப்போட்டன்."

தங்கச்சி. பஸ் தரிப்பிடத்தில், கோயில் வாசலில், கடையில், முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணை மரியாதையுள்ள ஆள் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிட்டார். அந்த மதுச்சாலையில் பன்னிரண்டு வருசத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான், அது வந்து அவளைக் கொன்றது.

அப்போதாவது அவள் சும்மா இருந்திருக்கலாம். கோட்டைப் பிடித்து இழுத்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஏசியிருக்கலாம். தங்கச்சி என்று ஒருவர் கூப்பிட்டால் என்ன சொல்லவேண்டும் என்று சின்ன வயதிலேயே வாயில் ஊறிப்போனது முந்திக்கொண்டது.

"பரவாயில்லை அண்ணை. மழை, பாத்துப் போங்கோ."

திரைச்சீலை ஆடியது. அவர் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவள் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அதற்கடுத்த கிழமையும் பார்த்தாள். தலைக்கு வார்த்துவிட்டுத்தான் போனாள். 'ஏன்டி அண்ணை எண்டு சொன்னனி? யார் உன்னைக் கேட்டது?' என்று கண்ணாடிக்கு முன்னால் தன்னையே கேட்டாள். அவர் வந்தால் சொல்வதற்கு ஒரு வசனமும் ஆயத்தமாக இருந்தது: தங்கச்சியும் இல்லை, அண்ணையும் இல்லை, அந்த ஓம் இன்னும் இருக்குது.

மூன்றாவது கிழமை கிளாசைக் கொண்டு மேசை மேசையாகப் போனாள். ஐந்து பேர். ஒருவன் நல்ல மனதோடு கார்டைக் கிளாசுக்கு மேலே நீட்டி, எங்கே தட்டுவது என்று கேட்டான். அவள் சிரித்தாள். மேடையில் ஏறி ஆடினாள். ஆறு மணிக்கு முதலாளி கூப்பிட்டு, ஹவுஸ் பீ வேண்டாம், இன்றைக்கு அதை நீயே வைத்துக்கொள், அடுத்த கிழமையிலிருந்து இந்த நாளுக்கு வேறு ஆள் என்றார். ஒரு பியரும் ஊற்றித் தந்தார். அவள் குடிக்கவில்லை.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ட்ரெயின் ஏறினாள். நிற்க இடமில்லாத சனம். கையில் சாமான் பையோடு வயதான ஒருவர், கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், கதவடியில் நின்று பயந்து பயந்து நாலு முகத்தையும் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தைக் கண்டார். அவருக்கு ஒரு தெம்பு வந்தது.

"தங்கச்சி, இது பிளேஸ்டோ போகுமோ?"

ஓம் அண்ணை, போகும், இருங்கோ என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். பிறேமினி வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல் வெளியே வரவேயில்லை, கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

கிழவர் திடுக்கிட்டுப் போனார்.

"சொறி, சொறி மேடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி இரண்டடி விலகி, பக்கத்தில் நின்றவனிடம் திரும்பினார். "தமிழ்ப் பிள்ளை எண்டு நினைச்சுப்போட்டன்" என்று தனக்குள்ளே முணுமுணுத்தார்.