அத்தாயி வம்சம் சொன்ன நாள்

காளியண்ணன் வாத்தியார் தேவனூர் நாட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்ததே அந்த வம்ச வரிசைக்காகத்தான். யார் முதலில் காடு வெட்டினார்கள், எந்தச் சரிவில் குடியேறினார்கள், பஞ்சத்தில் யார் யார் செத்தார்கள் என்று பேர் பேராகச் சொல்பவள் அத்தாயி. அந்த ஊரில் கல்வெட்டு ஒன்றும் கிடையாது. அவள் சொன்னால்தான் அவர் எழுதும் மலைநாட்டு வரலாற்றுக் கட்டுரை முழுசாகும். கோடை விடுமுறை முடிவதற்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

சாமை புடைத்துக்கொண்டே அத்தாயி கையை விரித்துவிட்டாள்.

"அது எழவூட்டுல சொல்றதுங்க. பொணம் கெடக்கோணும். சும்மா சொன்னா, ஆளைத் தேடி அது வந்துரும்."

"எது வரும் அம்மணி?"

"வந்தாத் தெரியும் சாமி. நீங்க எறங்கிப் போயிருவீங்க. நாங்க இங்கதான கெடக்கோணும்."

வாத்தியாரின் மூட்டையை அடிவாரத்திலிருந்து சுமந்து வந்தவன் அவள் தம்பி செங்கோடன். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, வேணும்னா நாஞ் செத்துக் குடுக்கட்டுங்களா? பலா பழுத்துக் கெடக்குது. தின்னுட்டுச் சாவறேன்."

"உன்ற வாயில மண்ணைப் போட!" என்று அத்தாயி உமியை அவன் மேல் வீசினாள். வாத்தியாரும் சிரித்தார்.

அடுத்த வாரம் செங்கோடன் படுத்தான். கம்பளிக்குள் பல் கிட்டும் குளிர், பிறகு அடுப்பாய்க் கொதிக்கும் உடம்பு. மலைக்காய்ச்சல். வாத்தியார் அது முன்பு ஒருமுறை வந்து பிழைத்தவர். அதனால்தான் பையில் அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைச் சீசா இருந்தது. கையை விட்டு எடுத்தார். திரும்ப வைத்தார். இறங்கும் வழியில் தனக்கே காய்ச்சல் கண்டால்? இவர்கள் திருநீறு தவிர எதை விழுங்கப்போகிறார்கள்? இன்னொரு காரணமும் உள்ளே கிடந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவில்லை.

அத்தாயியே வந்து கேட்டாள். "மருந்து ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சாமி?"

"வயித்து வலிக்குத்தான் இருக்குது அம்மணி."

அவள் போன பிறகு பாறையில் உட்கார்ந்து பென்சில் சீவினார். மறுநாளும் சீவினார். அதற்கு மறுநாள் மனசு கேட்காமல் சீசாவை எடுத்துக்கொண்டு ஓடினார். வாசலை மிதிக்கும்போதே உள்ளே அழுகை வெடித்தது.

பொணத்தைக் களத்தில் கிடத்தி, தலைமாட்டில் உட்கார்ந்து அத்தாயி வரிசையைச் சொன்னாள். ஒவ்வொரு பேருக்கும் சனம் "ஆமா" போட்டது. வாத்தியாரின் கை பிசகாமல் எழுதியது. எங்கும் கேட்டிராத பேர் ஒன்று வந்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பேர் செங்கோடன். அதையும் எழுதினார்.

முடிந்தது என்று எழப்போனார். சடங்கு இன்னும் முடியவில்லை. செத்தவனுக்கு வைத்த குறையை ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டுமாம். சொன்னால்தான் பாடை தூக்குவார்கள். ஒருவன் செங்கோடன் மரத்துப் பலாவைத் திருடியதைச் சொன்னான். அவனுடைய மிளகுக் கொடியை வேலி தாண்டி இழுத்துக்கொண்டதை இன்னொருவன் சொன்னான்.

"வாயில மண்ணைப் போடன்னு வஞ்சேன்டா தம்பி," என்றாள் அத்தாயி. மூக்கைச் சிந்திவிட்டு வாத்தியாரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே சாமி? இருந்தாச் சொல்லிருங்க. அவன் உங்க மூட்டையச் சொமந்தவன்."

களமே அவர் வாயைப் பார்த்தது. சீசா இடுப்பில் உறுத்தியது.

"ஒண்ணும் இல்லீங்க அம்மணி."

பாடையைத் தூக்கினார்கள்.

இறங்கும்போது மூட்டையை அவரே சுமந்தார். கூலிக்கு ஆள் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாமென்றுவிட்டார். கட்டுரை அச்சாகி வந்தது. பேரெல்லாம் பிசகில்லாமல் இருந்தது, மெச்சினார்கள். பாடை தூக்கும் முன் அவரவர் வைத்த குறையைச் சொல்லிவிடும் வழக்கத்தை மட்டும் அவர் எழுதியிருக்கவில்லை.