ஒருபக்கத் தேய்மானம்

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெள்ளிக்காசைத் திருப்பியபோது, இரண்டு வேறு காசுகளைப் பார்ப்பதுபோல இருந்தது மதிப்பீட்டாளனுக்கு. பூப்பக்கத்தில் இலை நரம்புகள்கூட நேற்று அச்சடித்தவை மாதிரி நிமிர்ந்து நின்றன. தலைப்பக்கத்தில் தலையே இல்லை. மூக்கு, கன்னம், கிரீடம் எல்லாம் மழுங்கிப்போய், ஓரத்தில் நாலைந்து எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு இரண்டு பக்கமும் தேயும். சங்கிலியில் தொங்கியதென்றால் விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கும். இது ஒரே திசையில், சரிவாக, ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருந்தது.

காசைக் கொண்டுவந்தவள் அவனுடைய அக்கா. மேஜைக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூப்பக்கத்தில் ஓர் இலைக்கு மட்டும் இரட்டைக் காம்பு. அச்சுப்பிழை. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அத்தானிடமிருந்த முந்நூற்றுச் சொச்சம் காசுகளில் அவர் உயிரையே வைத்திருந்தது இதன்மேல்தான். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு மதியம், தூசி தட்டும்போது அக்கா இதை வெறும் விரலால் எடுத்துவிட்டாள். அத்தான் சத்தம்கூடப் போடவில்லை. அவள் கையைப் பிடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையை மூடினார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த இவனிடம், "ரேகை விழுந்திருக்கா பாரு மாப்ள" என்று லென்ஸை நீட்டினார். இவனும் வாங்கிப் பார்த்தான். ரேகை இல்லை என்று சொன்னான். உள்ளே சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பிடிக்கா இப்பிடி ஆச்சு?"

"உங்க அத்தான் வாதம் வந்து படுத்ததுலேர்ந்து வலது கை மட்டுந்தான் ஆடுது. அது சும்மா இருக்க மாட்டேங்குது. போர்வைய நோண்டும், தோலப் பிச்சுக்கும். கையில எதாவது குடுங்கன்னு டாக்டர் சொன்னார். குடுத்தேன்."

"இதையா?"

"இதத்தான் தேடி எடுத்தேன்."

பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தக் காசுதான்னு அத்தானுக்குத் தெரியுமா?"

"அஞ்சு வருஷம் தெரியல. போன மாசம் ஜன்னல் வெளிச்சத்துல பூப்பக்கத்தப் பாத்துட்டார். இப்ப கையில வெச்சா கண்ணுல தண்ணியா ஊத்துது. ஆனா விரல் நிக்கல. அது பாட்டுக்குத் தேய்க்குது."

அவன் காசைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தான். "போதும்க்கா. இத நான் வெச்சுக்கறேன்."

"உன்கிட்ட வெச்சுட்டுப் போக வரல. உங்க ஆபீஸ் சீட்டுல தரம் எழுதிக் குடு. பேச்சுதான் போச்சு, நாம பேசுறது அவருக்குப் புரியும். படிச்சுக் காட்டணும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. இரண்டு பக்கமும் ஒத்துவராத காசுக்கு மோசமான பக்கத்தின் தரம்தான் தரம். ஆனால் இந்தச் சீட்டு எந்தக் கட்டிலின் தலைமாட்டில் படிக்கப்படும், எத்தனை தடவை படிக்கப்படும் என்பதை நினைத்துப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அன்றைக்கு வராத வாய் இன்றைக்கு மட்டும் யாருக்காக வருகிறது என்று தோன்றியது. சீட்டை இழுத்து வைத்து எழுதினான். தலைப்பக்கம்: உருவம் முற்றிலும் அழிந்தது. பூப்பக்கம்: மிக நன்று. மொத்தத் தரம்: கடைநிலை.

கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அதுல என்ன எழுதணும்?" என்றாள் அக்கா.

"எதனால தேஞ்சதுன்னு."

"எழுது. நீயும் அங்கதான இருந்தே."

இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் நிமிராமல் 'புழக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அக்கா சீட்டை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்து மடித்தாள். காசை எடுத்துப் பூப்பக்கம் மேலே வரத் திருப்பினாள். "இந்தப் பக்கம் இன்னும் முழுசா இருக்கு" என்றாள். சாவிக்கொத்தோடு சேர்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவன் ஜன்னலோரம் வந்து நின்றான். எதிர்ச்சாரி மருந்துக்கடையில் அவள் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டு ஒன்றை வாங்கினாள். பெரிய கட்டு. இரண்டு கையாலும் அணைத்து, மோவாயை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, சாலையைக் கடக்க நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். லாரி வந்தது, பின்வாங்கிக்கொண்டாள். மறுபடி எடுத்து வைத்தாள்.