சின்ன அறைக்கு ஒரு கட்டில்

"ஒரு பெட்ரூமா, ரெண்டு பெட்ரூமா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் தரகர்.

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றோம்" என்றார் கணவர்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி சொல்றீங்களே சார்!"

யாரும் சிரிக்கவில்லை. தரகரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்போதும்போல அக்குளில் ஒரு மடித்த விரிப்பை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதனால் அவருக்கு ஊரில் பெட்ஷீட் தரகர் என்றே பெயர்.

அவர்களுடைய சொந்த வீடு மாடியில் இருந்தது, மூன்று படுக்கையறைகளுடன். இருவருக்கும் முழங்கால் போய்விட்டது. அதை வாடகைக்கு விட்டுவிட்டுத் தரைத்தளத்தில் சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்பது மகளின் யோசனை. "மூணு பெட்ரூம்னு ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே ஆள் வந்தாச்சு" என்று தரகர் பெருமைப்பட்டார். வந்த குடும்பத்தின் சின்னப் பெண் ஒவ்வொரு அறையாக ஓடிப் பார்த்து, நடு அறையில் நின்று, "இது என் ரூம்" என்றாள். அது இறந்துபோன மகனின் அறை. மனைவி தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "காத்து நல்லா வரும் கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

மகன் இறந்த மறுவாரமே கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையில் இருந்த அவன் கட்டிலுக்குப் போய்விட்டார். "குறட்டை விடறேன், உன் தூக்கம் கெட்டுப்போகும்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து விடுகிற குறட்டை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

ஒன்று போதும் என்று அவர் வாயால் சொன்னால், திரும்பி வருகிறார் என்று அர்த்தம். நாமாகக் கேட்பதில்லை, தரகர் கேட்கட்டும் என்றிருந்தாள்.

ஒரே கட்டிடத்தில் இரண்டு வீடுகள் காலியாக இருந்தன, பக்கத்துப் பக்கத்தில். வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தை ஆட்டியபடி வந்தாள்.

"ரெண்டு பேர்தானே? ஒரு பெட்ரூம் தாராளம். ரெண்டு ரூம் கொடுத்தா ரெண்டாவது ரூமுக்கு யாராவது வந்து ஒட்டிக்குவாங்க. மச்சான்னு சொல்லுவாங்க, மச்சானோட சிநேகிதன்னு சொல்லுவாங்க. அப்புறம் தண்ணி பத்தலைன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவாங்க."

"எங்களுக்கு ஒட்டிக்க யாரும் இல்லைம்மா" என்றாள் மனைவி.

"அப்புறம் எதுக்கு ரெண்டு ரூம்? புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லையா?"

"முதல்ல கதவைத் திறங்கம்மா" என்றார் தரகர்.

முதல் வீட்டின் படுக்கையறையில் தரகர் விரிப்பை உதறித் தரையில் விரித்தார். இரட்டைக் கட்டில் அளவு. பிறகு அதைச் சுற்றி நடந்தார். "மூணு பக்கமும் கால் இடிக்காம நடக்க முடிஞ்சா அது பெட்ரூம். இல்லைன்னா அது சாமான் ரூம், யார் என்ன பேர் வெச்சாலும் சரி."

"எங்க வீட்டுலயே வந்து என் ரூமுக்கு பரீட்சை வைக்கிறியா நீ?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"பாஸ்மா, பாஸ்! ஏன் கோபப்படறீங்க?"

இரண்டாவது வீட்டில் பெரிய அறை அதே மாதிரிதான் இருந்தது. சின்ன அறையில் விரிப்பு சுவரில் ஏறி மடங்கியது. தரகர் அதைப் பாதியாக மடித்துப் போட்டார். "ஒத்தைக் கட்டில்தான் சார் இங்க. கறாரா சொல்லணும்னா இது ஒன்றரை பெட்ரூம்."

கணவர் சின்ன அறைக்குள் போகவில்லை. நிலைப்படியில் கைவைத்து அந்தப் பாதி விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"ஒண்ணு போதும்" என்றார்.

அவள் காத்திருந்த சொல். காதில் விழுந்தது, உள்ளே எதுவும் அசையவில்லை. கால் வலித்தது. உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அப்பாடா, சொல்லிட்டார்!" என்றார் தரகர். "முதல் வீட்டையே முடிச்சுடலாமா?"

"என்னங்க" என்றாள் மனைவி. "அப்ப அவன் கட்டில்?"

"யாருக்காவது கொடுத்துடலாம்."

"கொடுத்துட்டு?"

"கொடுத்துட்டு... நான் உன் ரூமுக்கே வந்துடறேன். நானும் எத்தனை நாள்தான் அதுல கிடக்கறது? படுத்தா அவன் வாசனை வரும்னு போனேன். இப்ப என் எண்ணெய் வாசனைதான் வருது."

வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தை ஆட்டுவதை நிறுத்தினாள். தரகர் குனிந்து விரிப்பை எடுக்கப் போனார்.

"இருங்க, எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

சின்ன அறைக்குள் போனாள். விரிப்பின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் நடந்து பார்த்தாள். கால் இடிக்கவில்லை. ஜன்னல் தலைமாட்டில் வரும்.

"இந்த வீடே இருக்கட்டும். ரெண்டு பெட்ரூம்" என்றாள்.

"ஏம்மா, அவர் ஒண்ணுன்னு இப்பதானே..."

"அவர் பெரிய ரூம்ல படுத்துக்கட்டும். கட்டில் இங்க வரட்டும். நான் படுத்துக்கறேன்."

"நீயா?" என்றார் கணவர்.

"நீங்க படுத்துட்டீங்க. நான் இன்னும் ஒரு நாள்கூட அதுல படுக்கலை."

கணவர் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தார். "அதுல இடது கால் கொஞ்சம் ஆடும். அட்டை மடிச்சு வெச்சிருக்கேன். சாமான் ஏத்தும்போது அதை மறந்துடக் கூடாது" என்றார்.

"சரி" என்றாள்.

தரகர் விரிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா சின்ன அறையின் சாவியைக் கொத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். வளையம் இறுக்கமாக இருந்தது. கழற்றி முடிக்கும்வரை எல்லோரும் நின்றிருந்தார்கள்.