காது மடலில் இரண்டு வெட்டு

மேஸ்திரி எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து இருநூற்று எண்பது. செங்கல் சுமந்த கூலி. என் காது தடித்து, விரல் மரத்துப்போனது தெரிந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு.

"குஷ்டக் கிருமி இல்லேன்னு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வா. காசை வாங்கிக்கோ."

போனேன். பரிசோதனை அறையில் ஒருவன், கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு, தேளைத் தொடுவதுபோல் என் காது மடலைத் தொட்டான். இறுக்கிப் பிடிக்கவே இல்லை. பிளேடால் கீறினான். ரத்தம் கழுத்தில் வழிந்தது. அந்த ரத்தத்தையே கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துப்போனான். மத்தியானம் 'கிருமி இல்லை' என்று எழுதிய சீட்டை மேசைமேல் தள்ளினான். கையில் தரவில்லை.

வெளியே வரும்போது, அவனுக்கு மேலதிகாரியான அம்மா என் சட்டைக் காலரைப் பார்த்து நிறுத்தினார்.

"என்னப்பா இது, ஆடு அறுத்த மாதிரி?"

அவனைக் கூப்பிட்டார். "மடலை இறுக்கிப் புடிச்சியா?"

"புடிச்சேன் மேடம்."

"எதால? கண்ணாலயா? ரத்தம் கலந்தா கிருமி எங்க தெரியும்? தொடப் பயந்தவனுக்கு இந்த வேலை எதுக்கு?"

என் மறு காதை அவரே பிடித்தார். ரத்தம் விலகி மடல் வெளுக்கும்வரை நசுக்கினார். சின்னதாக வெட்டி, பிளேடைத் திருப்பி உள்ளே சுரண்டி, கண்ணாடியில் பூசித் தீயில் காட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"வலிச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

சாயம் ஏற்றியபின் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கு நடுவே செங்கல் தூள்போலச் சிவப்புச் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. என் கூலியில் உட்கார்ந்து தின்ன இத்தனை பேரா!

"மாத்திரை போட்டா செத்துரும். ஆரம்பிச்சுட்டா யாருக்கும் ஒட்டாது. நடுவுல மட்டும் விட்டுராதே" என்று சொல்லி, 'கிருமி உண்டு' எனப் புதுச் சீட்டு எழுதினார். முதல் வேளையை அங்கேயே விழுங்கினேன். அவனை நம்பிப் போயிருந்தால், விரல் மடங்கிய பிறகுதான் திரும்பி வந்திருப்பேன்.

வீட்டில் என் சம்சாரம், "பழைய சீட்டையே காட்டுங்க. காசு வரட்டும்" என்றாள்.

காட்டினேன். மேஸ்திரி படித்துப் பார்த்துச் சிரித்தான்.

"நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் வா, பாக்கலாம்."

அடப்பாவி! கிருமி இருந்தாலும் காசு இல்லை, இல்லாவிட்டாலும் இல்லை.

விறுவிறுவென்று போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனுடைய தண்ணீர்ச் சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சீட்டை நீட்டினேன்.

"இதையும் படி. அடுத்த வாரம் வரைக்கும் இங்கயே இருக்கேன்."

படித்தான். முகம் சுண்ணாம்பானது.

"எந்திரிடா!"

"நீயே தூக்கி விடு மேஸ்திரி."

மாத்திரையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவன் நோட்டுகளை மேசைமேல் வீசினான்.

"அங்க இல்ல. கையில வை."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தான். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நோட்டு விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் எண்ணினேன். பாக்கி இல்லை.