வெள்ளைத்தாடியாரின் பங்கு

"அவருக்குப் பல்லு போயிடுச்சு" என்றார் ஓஸ்மோன்.

"யாருக்கு?"

"வெள்ளைத்தாடியாருக்கு."

அவர் மனைவி துர்சுனாய் ஒரு கணம் ஊர்ப் பெரியவர் யாரையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். ஓஸ்மோன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சாப்பாட்டு விரிப்பின் ஓரத்தில் வைத்துப் பிரித்தார். உள்ளே மலைக்கிடாவின் புழுக்கைகள். ஒன்றை நகத்தால் பிளந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாரு. புல்லு புல்லாவே வந்திருக்கு. அவரால மெல்ல முடியல. வாயில போட்டதுல பாதி வெளிய விழுது. இந்தக் குளிர தாண்ட மாட்டாருன்னு நினைக்கிறேன்."

"ரொட்டி வைக்கிற இடத்துல கொண்டாந்து புழுக்கைய வைக்கிறீங்களே!"

"சுத்தமான மலைப்புல்லு, கிழவி. உன் டீய விட வாசனையா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்திருக்கலாம். ஆனால் அவள் வாயில் வேறு ஒன்று வந்தது. "நம்ம பொண்ணு பெர்மெத்துக்கும் ஒரு பல்லு போயிருக்கு. முன்பல்லு."

ஓஸ்மோன் கைக்குட்டையை மடித்தார். முதலில் ஒரு மூலை, பிறகு எதிர் மூலை, ஏதோ தாயத்தை மடிப்பதைப் போல. பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டீ ஊத்து" என்றார்.

அந்தப் பேச்சு நடந்தது உருளைக்கிழங்கு தோண்டும் பருவத்தில். இப்போது முற்றத்தில் முழங்கால் வரை பனி. துர்சுனாய் அடுப்பில் சாணி வறட்டியைத் திணித்துக்கொண்டே அதைப் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டாள். டீ ஊற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வாக்கியமும் அவள் நாக்கின் மேல்தான் இருந்தது. அது அங்கே வந்து நான்கு வருடங்களாகின்றன. கேட்காத வரைக்கும் அவர் மறுக்கவில்லை. கேட்டு, அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டால், பிறகு காலையில் எழுந்து பால் கறக்கப் போக அவளுக்குக் காரணம் எதுவும் மிச்சமிருக்காது.

மகள் பெர்மெத், நகரத்தில் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளை, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒரு காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள், தங்கள் பையனுக்குக் கட்டிவைக்க. பக்கத்துப் பள்ளத்தாக்குக் குடும்பம், நிறைய குதிரைகள், கெட்ட பேர் இல்லாதவர்கள். அவள் தலையில் மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டைப் போட இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஓடாமல் இருக்க அந்த வீட்டுக் கிழவி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாளாம். வயதானவளைத் தாண்டிக்கொண்டு போகிறவளுக்கு வாழ்வில்லை என்பது இந்த மலைகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பெர்மெத்துக்கும் தெரியும். அவள் தாண்டவில்லை. அப்பா வருவார் என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அப்பா போனார். துர்சுனாயும் கூடப் போனாள். பெர்மெத் ஓடிவந்து அவருடைய சேணத்தின் கால்வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். ஓஸ்மோன் குதிரையிலிருந்து இறங்கி, உள்ளே போய், அவர்கள் நீட்டிய தேநீரைக் குடித்தார். சம்மதத்துக்கு அடையாளமாக அவர்கள் தோளில் போர்த்திய புது அங்கியை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மகளிடம், "கல்லு விழுந்த இடத்துலதான் கிடக்கணும், மகளே" என்றார். அந்த ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கால்வளையத்திலிருந்து எடுத்துவிட்டார்.

பிறகு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பெர்மெத் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தாள். கடைசியாக வந்தபோது வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். "கன்னுக்குட்டி உதைச்சிடுச்சு, அம்மா." மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் சொல்கிற பொய். ஓஸ்மோன் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த குழாயை மறுபடியும் சுத்தம் செய்தார்.

வெள்ளைத்தாடியார் என்பது மேற்குச் சரிவில் வாழ்ந்த மலைக்கிடா. ஓஸ்மோனுக்கு அதை அதன் இளமையிலிருந்தே தெரியும். ஒருமுறை சுட்டிருக்கிறார், குறி தப்பியது. அந்தக் கிடா ஓடாமல், பாறை மேல் நின்று அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்துபோனதாம். அன்றிலிருந்து 'அவர்' ஆகிவிட்டது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வேட்டை முகாமுக்கு வரும்போதெல்லாம், வழிகாட்டியான ஓஸ்மோன் அவர்களைக் கிழக்குச் சரிவுக்குத்தான் கூட்டிப்போவார். குளிர்காலத்தில் உப்புக்கட்டியைச் சுமந்துபோய்ப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு வருவார். கொம்புகள் வளைந்து முதுகைத் தொடுகின்றன என்பார். இப்போதெல்லாம் மந்தையில் யாரும் அவரை மதிப்பதில்லை, சின்னப் பயல்கள் முட்டுகிறார்கள் என்று சொல்லும்போது ஓஸ்மோனின் குரல் கம்மிவிடும். மகளைப் பற்றி ஒரு நாளும் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

முகாம் நடத்தும் தாலாய் போன வாரம் ஜீப்பில் வந்தான். காலணியைக் கழற்றும்போதே கத்திக்கொண்டுதான் வந்தான். "அக்கா, குளிர்ல காது உதிர்ந்துடும் போல, டீ குடுங்க! ஓஸ்மோன் அண்ணே, உங்களுக்கு யோகம்." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். தூரத்தில், பாறை மேல், வளைந்த கொம்புகள். "போன வருஷம் வந்த வெள்ளைக்காரன் எடுத்தது. இப்ப அவனோட நண்பன் வரான். இவன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

ஓஸ்மோன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அவர் செத்துட்டாரு" என்றார்.

"எப்போ?"

"வசந்தத்துல. பனிச்சரிவு."

"அப்ப கொம்பு எங்க?"

"பனிக்கு அடியில."

தாலாய் ஒரு ரொட்டித் துண்டை வெண்ணெயில் அழுத்தினான். "அண்ணே, நீங்க பொய் சொல்லும்போது காதைத் தடவுறீங்க. சின்ன வயசுலேருந்து பாக்கறேன்." அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். "அக்கா, அந்தக் கிழட்டுக் கிடாவுக்கு இவரு சம்பந்தியா? இப்படித் தாங்குறாரு!"

துர்சுனாய் கிண்ணத்தைப் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தாள்.

"எப்படியும் சாகப்போற உசுருதானே அண்ணே. ஓநாய் தின்னா யாருக்கு என்ன லாபம்?"

"என்னால முடியாது" என்றார் ஓஸ்மோன்.

"முடியாதுன்னா? வேற ஆளப் பாத்துக்கச் சொல்றீங்களா? அப்புறம் அடுத்த வருஷமும் அவன்தான், சொல்லிட்டேன்."

"பாத்துக்கோ. ஆனா மேற்குச் சரிவுக்கு வழி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவன் வந்தான்னா, நான் அவனுக்கு முன்னாடி போய் அவரை விரட்டி விட்டுடுவேன்."

அமைதியாகத்தான் சொன்னார். குரல் உயரவில்லை. தாலாய் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமலே போய்விட்டான். குளிர்காலம் முழுவதற்குமான பிழைப்பு அந்த ஜீப்பில் ஏறிப் போனது. துர்சுனாய்க்கு அதைப் பற்றி வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முடியாது. இந்த வாயில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அது இந்த மனிதருக்குக் கைவராத சொல், சாந்தமான சுபாவம், என்ன செய்வது என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தாள். இருந்திருக்கிறது. கெட்டியாக, முழுசாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் மட்டும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் உப்புக்கட்டியையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு மலையேறினார். முந்தின நாள் மாலையில் மேற்கேயிருந்து ஓநாய்களின் சத்தம் கேட்டிருந்தது. எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம், ஓடையில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய குதிரை தெரிந்தது. அவர் குதிரையில் இல்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சேணத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடல் கிடந்தது. அதன் தலையைத் தன்னுடைய பஞ்சு வைத்த மேலங்கியால் மூடியிருந்தார். அவர் மேலே வெறும் கம்பளிச் சட்டைதான். புருவத்திலும் இமையிலும் பனி உறைந்திருந்தது.

பாலத்தருகே முதலில் பார்த்தது கெரிம் கிழவர். குச்சியை ஆட்டிக்கொண்டு, "ஷிரால்கா, ஓஸ்மோன், ஷிரால்கா!" என்று கத்தினார்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் பங்கு கொடுத்தாக வேண்டும். எதிரியாக இருந்தாலும் சரி, என்ன கேட்டாலும் சரி, இல்லை என்று சொன்னவனுக்கு மலை மறுபடி வழி விடாது. ஓஸ்மோன் வாழ்நாளில் ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஒருமுறை ஒரே ஒரு முயலோடு வந்து, அதையும் வழியிலேயே கொடுத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்.

அவர் குதிரையை நிறுத்தினார். கத்தியை எடுத்து, ஒரு முன்னங்காலை வெட்டிக் கிழவரிடம் கொடுத்தார். அதற்குள் எதிர்வீட்டு பாத்மா வாளியோடு ஓடி வந்துவிட்டாள். "எனக்கும் ஷிரால்கா! அட, இது உங்க வெள்ளைத்தாடியாரா? கொம்பைப் பாரேன்! இவரு வேகறதுக்குள்ள வசந்தம் வந்துடுமே!"

"ஊற வச்சு வேக வை" என்றார் ஓஸ்மோன். அவளுக்கு ஒரு விலாத்துண்டு கிடைத்தது.

துர்சுனாய் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குதிரையின் பக்கத்தில் வந்து நின்றாள். கிடாவின் பின்னங்கால் சதை பிய்ந்து தொங்கியது. கத்தி வெட்டியதல்ல, பல் கிழித்தது.

"ஓநாயா?" என்றார் கெரிம்.

"ஆமா. ஒரு மேட்டுல ஏறி நின்னுட்டாரு. அதுங்க கீழ உக்காந்து காத்துட்டு இருந்துச்சு. எப்படியும் விழுவாருன்னு." ஓஸ்மோன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "அதுங்கள விரட்டிட்டேன். இவருக்கு நடக்க முடியல. என்னைப் பாத்தாரு. கத்தல, ஒண்ணும் இல்ல. சும்மா பாத்தாரு. அப்படியே அங்க விட்டுட்டு வர எனக்கு மனசு வரல."

கெரிம் தலையை ஆட்டினார். "நல்ல காரியம் பண்ணின. வேட்டைக்காரனுக்கு அதான் அழகு."

பாத்மாகூட ஒரு கணம் சிரிப்பை நிறுத்தினாள். பனி மறுபடி தூற ஆரம்பித்தது. மேலங்கியின் ஓரம் விலகி, கிடாவின் ஒரு கண் தெரிந்தது. ஓஸ்மோன் உடனே, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல, துணியை இழுத்துவிட்டார். அந்த விரல்களை துர்சுனாய் பார்த்தாள். விறைத்து, வெடித்து, ரத்தம் காய்ந்திருந்த விரல்கள். எவ்வளவு மெதுவாக இழுத்துவிடுகின்றன.

"ஷிரால்கா" என்றாள்.

ஓஸ்மோன் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக அன்று சிரிக்க முயன்றார். "நீ எதுக்குக் கேக்கற, கிழவி? வீட்டுக்காரி பங்கு கேக்கறத எங்கயாவது பாத்திருக்கியா? எல்லாம் உன்னுதுதானே."

"ஷிரால்கா" என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

கெரிம் கிழவர் இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாத்மா வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். ஓஸ்மோன் கத்தியை எடுத்தார், எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியாதவரைப் போலக் கிடாவின் முதுகின் மேல் அதை வைத்துக்கொண்டு நின்றார். குதிரை மூச்சுவிட்டது. ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்து, அவருடைய முகத்தை மறைத்து, மெல்லக் கலைந்தது.

"கறி வேணாம்" என்றாள் துர்சுனாய். "அந்த வீட்டுக்குப் போங்க. அந்தக் கிழவி வாசல்ல குறுக்கே படுத்தாலும் பரவாயில்ல, தாண்டிப் போங்க. என் பொண்ணக் கூட்டிட்டு வாங்க."